நம்ப முடியாத எண்

என் மைத்துனியிடம் யார் எந்த எண்ணைச் சொன்னாலும் அவள் அதைத் திருப்பிச் சொல்லாமல் விடமாட்டாள். பண்ருட்டி பஸ் ஆறு இருபதுக்கு என்றால் "ஆறு இருபது" என்பாள். டாக்டர் ஐந்து நாளைக்கு மாத்திரை என்றால் "அஞ்சு நாள்" என்பாள். எனக்குக் கல்யாணமான புதிதில் கடலூரில் மாமனார் வீட்டில் சாப்பிட உட்கார்ந்து, இரண்டு இட்லி போதும் என்றேன். "ரெண்டு" என்று சொல்லிவிட்டு, எண்ணி இரண்டே இரண்டை வைத்துவிட்டுப் போய்விட்டாள். புது மாப்பிள்ளை இரண்டு போதும் என்றால் நாலாக வை என்று அர்த்தம். ஊருக்கே தெரிந்த விஷயம் அவளுக்குத் தெரியவில்லை. அரை வயிற்றோடு எழுந்தேன். அந்தக் கோபம் வெகுநாள் இருந்தது.

பிறகுதான் என் மனைவி விளக்கினாள். தங்கை படிப்பு முடித்ததும் சென்னையில் தொலைபேசியில் புகார் கேட்டு எழுதும் வேலையில் இரண்டு வருடம் இருந்தாளாம். மறுமுனையில் இருப்பவர் சொல்லும் எண்ணைத் திருப்பிச் சொல்லி, அவர் ஆமாம் என்ற பிறகே எழுதவேண்டும் என்பது அங்கே சட்டமாம். வேலையை விட்டு வந்தும் பழக்கம் விடவில்லை. அதற்கப்புறம் தானாகவே புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டு, இப்போது கடலூர் வீட்டு மாடியில் உட்கார்ந்தபடி எங்கேயோ இருக்கிற கம்பெனிக்கு வேலை செய்கிறாள். நன்றாகவே செய்கிறாள். அதைச் சொல்ல எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது, அவ்வளவுதான்.

நான் சிதம்பரத்தில் ஒரு மாடி அறையில் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் செய்கிறவன். தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் மோட்டாரை நிறுத்துவது, கரண்ட் ஏறி இறங்கினால் பம்பைக் காப்பாற்றுவது, இந்த மாதிரி வேலை. பெட்டிக்குள் ஒரு சின்ன கம்ப்யூட்டர் இருக்கும், அதற்கு நான்தான் புரோகிராம் எழுதுவேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். பொறுமையாகச் செய்யவேண்டிய தொழிலுக்கு இவன் எப்படி வந்தான் என்று கேட்டவர்களும் உண்டு.

கீரப்பாளையத்தைத் தாண்டி ஒரு விதைநெல் ஆலை இருக்கிறது. அதை நடத்துகிறவர் ஐம்பது வயதுப் பெண்மணி, எல்லோருக்கும் அக்கா. சுற்றுவட்டாரத்தில் சொல்லிவைத்து விதைக்கென்று விளையவைத்த நெல்லை வாங்கி, காயவைத்து, சலித்து, மூட்டை தைத்து, அடுத்த விதைப்புப் பட்டத்துக்கு விற்பார். அறுவடை நேரத்தில் தப்பாமல் மழை வந்து களத்தைக் கெடுப்பதால், அந்த வருடம் அவர் ஒரு சூட்டு உலர்த்தி வாங்கியிருந்தார். பெரிய தகரத் தொட்டி, அடியில் டீசல் பர்னர் தீ, பக்கத்தில் சூட்டுக் காற்றை நெல்லுக்குள் தள்ளும் விசிறி. அதற்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்ய என்னைக் கூப்பிட்டார்.

சோற்றுக்குப் போகிற நெல்லை எவ்வளவு சூட்டில் வேண்டுமானாலும் காயவைக்கலாம். விதைநெல் அப்படியில்லை, அதற்குள் உயிர் இருக்கிறது. நாற்பத்து மூன்று டிகிரியைத் தாண்டவே கூடாது என்று அக்கா கறாராகச் சொல்லிவிட்டார். தாண்டினால் மேலுக்கு ஒன்றும் தெரியாது. அதே நிறம், அதே எடை. விதைத்த பிறகு முளைக்காது.

"முளைக்கலைன்னா ஊடு தேடி வந்து கேப்பாங்க தம்பி. கேக்கறதும் நியாயம்தான். அவுங்களுக்குப் பட்டமே போயிடும்" என்றார்.

ஆலை அலுவலக அறையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. தொட்டியின் மேலே என் பெட்டி இருந்துகொண்டு, நெல்லின் சூட்டையும் ஈரத்தையும் இரண்டு நொடிக்கொரு முறை அளந்து, களத்தைத் தாண்டி வைஃபை வழியாக அந்த அறைக்கு அனுப்பவேண்டும். அங்கே இருக்கும் புரோகிராம் அதைப் பார்த்து, பதிவு செய்து, தீயை ஏற்றவோ நிறுத்தவோ பெட்டிக்குக் கட்டளை தரவேண்டும். பெட்டிப் பக்கத்தை நான் எழுதுவேன். அறைப் பக்கத்துக்கு ஆள் தேடியபோது என் மனைவிதான், என் தங்கச்சி சும்மாவா இருக்கா என்றாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. இட்லியைக் காரணமாகச் சொல்ல முடியுமா?

ஒரு புரோகிராமிலிருந்து இன்னொரு புரோகிராமுக்கு எண் அனுப்புவது கடிதம் போடுகிற மாதிரி வேலை இல்லை. கடிதத்துக்கு உறை இருக்கும், ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குவது தெரியும். இரண்டு புரோகிராம்களுக்கும் நடுவே சாக்கெட் என்று ஒரு வழியைத் திறந்துகொள்வோம், அதில் போவது குழாய்த் தண்ணீர். நான் இந்தப் பக்கம் குடம் குடமாக ஊற்றலாம். அந்தப் பக்கம் பிடிக்கிறவருக்கு எது என் முதல் குடம், எது இரண்டாவது குடம் என்று தெரியாது. வரிசை மாறாமல் வந்துகொண்டே இருக்கும், அவ்வளவுதான். எங்கே வெட்டுவது என்பதை இரண்டு பேரும் முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும்.

அதைப் பேசத்தான் அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம் வந்தாள். ஒரு தாளில் எழுதியே கொண்டு வந்திருந்தாள். ஒவ்வொரு முறையும் முதலில் தொடக்கத்துக்கு ஓர் அடையாளம். பிறகு இது எத்தனையாவது செய்தி என்ற வரிசை எண். பிறகு சூடு, ஈரம். கடைசியில் எல்லாவற்றையும் கூட்டிய தொகை, வழியில் ஏதாவது கெட்டுப்போனால் தெரிவதற்கு. அதற்கும் மேலே, வந்த எண்ணை அவளுடைய புரோகிராம் என் பெட்டிக்குத் திருப்பிச் சொல்லுமாம். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அனுப்பப்போவது இரண்டு எண், அதற்கு மேளம், நாதஸ்வரம், மாப்பிள்ளை அழைப்பு எல்லாம் எதற்கு என்று கேட்டேன்.

என் யோசனை எளிமையானது. நாற்பத்தொன்று புள்ளி எட்டு என்றால் புள்ளியை விட்டுவிட்டு 418 என்று அனுப்பு. ஈரம் இருபத்தொன்று புள்ளி ஒன்பது என்றால் 219. சேர்த்தால் 418219, ஆறு இலக்கம். அடுத்ததும் ஆறு இலக்கம். நடுவில் கோடு வேண்டாம், காற்புள்ளி வேண்டாம். ஆறு ஆறாக வெட்டிக்கொள், தீர்ந்தது கதை.

சூடு பத்து டிகிரிக்குக் கீழே போய் இரண்டு இலக்கமானால் என்ன செய்வீர்கள் என்று அவள் கேட்டாள். நான் மேசையைத் தட்டினேன். சிதம்பரத்தில் என்றைக்காவது பத்து டிகிரிக்குக் கீழே போயிருக்கிறதா? மார்கழி விடியலில்கூட மின்விசிறி போட்டுத் தூங்குகிற ஊர் இது. காஷ்மீருக்குப் பெட்டி விற்கும்போது யோசித்துக்கொள்ளலாம் என்றேன். என் மனைவி உள்ளேயிருந்து, மெதுவாகப் பேசுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் தன்னைத் திட்டுகிறீர்கள் என்று நினைத்துக்கொள்வார் என்றாள்.

மைத்துனி தாளை மடித்தாள். "சரி மாமா. ஆறு இலக்கம். ஆனா என் பக்கத்துல நம்பறதா வேணாமான்னு நான் முடிவு பண்ணிக்கிறேன்" என்றாள். அதன் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை. விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று நினைத்து, மதியம் ஒரு வாய் சோறு அதிகமாகவே சாப்பிட்டேன்.

தை மாதம் பிறந்து கொஞ்ச நாளில், எதிர்பார்த்த மாதிரியே மழை வந்தது. அறுத்து அடித்த விதைநெல் ஈரத்தோடு ஆலைக்கு வந்து இறங்கியது. மூட்டையைக் கட்டிய வாக்கில் விட்டால் உள்ளுக்குள்ளேயே சூடேறி வீணாகிவிடும், உடனே காயவைத்தாக வேண்டும். அன்றைக்குத்தான் உலர்த்திக்கு முதல் ஓட்டம். காலையில் முதல் லோடைத் தொட்டியில் கொட்டி, தீ வைத்து, விசிறியைப் போட்டேன். ஒரு மணி நேரம் அழகாக ஓடியது. அறையில் திரையில் 41.5, 41.6 என்று எண்கள் ஏறுவதைப் பார்த்து அக்கா எனக்கு டீ வாங்கிவரச் சொன்னார்.

பத்தரை மணிக்கு அடுத்த லோடு ஏற்றிய லாரி வந்து களத்தின் நடுவில் நின்றது. பத்து நிமிஷத்தில் தீ அணைந்தது. ஓடிப்போய்த் திரையைப் பார்த்தேன். சூடு 18.2, ஈரம் 19.4. அதன் கீழே சிவப்பில் ஒரு வரி: "நம்ப முடியாத எண். தீ நிறுத்தப்பட்டது."

என் எண்ணை நம்ப முடியாதாம்! எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. மறுபடி தொடங்கும் பட்டனை அமுக்கினேன். தீ எரிந்தது, கொஞ்ச நேரத்தில் மறுபடி அணைந்தது. மூன்றாம் முறையும் அதே சிவப்பு வரி. வெளியே தூறல். அக்கா மூட்டைகள் மேல் தார்ப்பாய் இழுத்துக்கொண்டே என் முகத்தைப் பார்க்கிறார். கடலூருக்குப் போன் போட்டேன். உன் புரோகிராம் என் தீயை அணைத்துக்கொண்டே இருக்கிறது, நெல் பதினெட்டு டிகிரியில் ஜில்லென்று கிடக்கிறது, என்ன எழுதிவைத்திருக்கிறாய் என்று கத்தினேன்.

அவள் கத்தவில்லை. நாற்பத்தொன்றிலிருந்து இரண்டே நொடியில் பதினெட்டுக்கு எந்த நெல்லும் இறங்காது, அப்படி ஓர் எண் வந்தால் நம்பாமல் தீயை அணைத்துவிடு என்று எழுதிவைத்திருக்கிறேன் என்றாள். "மாமா, வெளிய மழைல நனைஞ்சிட்டு நிக்கற லாரியே இருவத்தஞ்சு டிகிரில இருக்கும். தீ எரியற தொட்டி எப்டி பதினெட்டாவும்? எதுவும் தொடாதீங்க. எனக்கு ஒரு மணி நேரம் குடுங்க" என்றாள்.

அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரிந்திருக்கும். கோபத்தில் இருப்பவனுக்குப் புரியாது. ஒரு மணி நேரமா, இங்கே நெல் நனைகிறது என்று போனை வைத்துவிட்டு, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டி, போனை அதன் பையிலேயே விட்டுவிட்டு தொட்டிக்குப் போனேன். என் பெட்டிக்கு வரும் கரண்டைத் துண்டித்தேன். தீயை எரிக்கும் வயரைப் பெட்டியிலிருந்து கழற்றி, நேராக மெயினில் கொடுத்தேன். தீ அணையாமல் எரிந்தது. கேட்க ஆளில்லை, அளக்க ஆளில்லை. என் பெட்டியில் காசை மிச்சம் பிடிக்கச் சூட்டைக் காட்டும் சின்னத் திரைகூட நான் வைக்கவில்லை. அது அனுப்புகிற எண்ணெல்லாம் சாக்கெட் வழியாகத்தான் போயாகவேண்டும். பெட்டியே செத்துக்கிடக்கும்போது எது போகும்?

நாற்பது நிமிஷம் அப்படி எரிந்தது. தீ இருந்தாலும் இல்லாவிட்டாலும் விசிறி ஒரே சத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் நான் செய்தது யாருக்கும் தெரியவில்லை. லாரியில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த பெண்களுக்கும் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது.

அக்காதான் தன் போனை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். உன் மச்சினிச்சி, உன் நம்பருக்குப் பத்து தடவை போட்டுப் பார்த்தாளாம் என்றார். வாங்கிக் காதில் வைத்தேன்.

"மாமா, நாலு ஒண்ணு எட்டு, ரெண்டு ஒண்ணு ஒம்போது. இத வரிசையா ரெண்டு தடவ எழுதுங்க. மொத நாலை அடிச்சிடுங்க. இப்ப ஆறு எண்ணுங்க."

ஈரமான சிமெண்டுத் தரையில் கிடந்த சாக்குக்கட்டித் துண்டை எடுத்துத் தூணில் எழுதினேன். 418219418219. முதல் 4-ஐ அடித்தேன். ஆறு எண்ணினேன். 182194. பதினெட்டு புள்ளி இரண்டு, பத்தொன்பது புள்ளி நாலு.

அடக் கடவுளே! லாரி குறுக்கே நின்றதில் வைஃபை அறுந்திருக்கிறது. அறுந்த நொடியில் ஒரு 4 மட்டும் போயிருக்கிறது, மிச்ச ஐந்து இலக்கமும் என் பெட்டிக்குள் தங்கிவிட்டன. மறுபடி தொடர்பு கிடைத்ததும் என் பெட்டி விட்ட இடத்திலிருந்து அனுப்பத் தொடங்கியிருக்கிறது. அவள் பக்கம் புதிதாக ஆறு ஆறாக வெட்டியிருக்கிறது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு எண்ணும் ஓர் இலக்கம் தள்ளியே வெட்டுப்பட்டிருக்கிறது. நெல் ஜில்லென்று இல்லவே இல்லை. நாற்பத்திரண்டை ஒட்டி இருந்திருக்கிறது. அதன் மேல்தான் நான் நாற்பது நிமிஷம் தீயைப் போட்டிருக்கிறேன்.

போனை அக்காவிடம் கொடுத்துவிட்டு ஓடிப்போய் வயரைப் பிடுங்கினேன். தொட்டியின் வாயைத் திறந்து ஒரு பிடி நெல்லை அள்ளினேன், கையில் வைத்திருக்க முடியவில்லை. விசிறியை மட்டும் விட்டு ஆறவைத்தேன்; நன்றாக ஆறும்வரை பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கவில்லை. ஆறிய பிறகு பார்த்தால் அதே நிறம், அதே எடை. நான் வாயைத் திறக்கவில்லை.

அன்று மதியம் அவள் போனில் சொல்லச் சொல்ல நான் என் புரோகிராமை மாற்றி எழுதினேன். அவள் கோபித்துக்கொண்டிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். பொறுமையாக, ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். ஆறு இலக்கத்துக்கு நானும்தானே மாமா ஒத்துக்கிட்டேன் என்று பழியில் பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். செய்தியின் தொடக்கத்துக்கு என்ன அடையாளம் வைப்பது என்ற இடம் வந்தபோது பேச்சை நிறுத்தினாள். பின்னால் என்ன சத்தம் என்று கேட்டாள். மூட்டை இறக்கும் பெண்கள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் நெல்லை எண்ணும்போது ஒன்று என்று தொடங்கமாட்டார்கள். முதல் மூட்டைக்கு "லாபம்" என்பார்கள். அடுத்த மூட்டை வரும்வரை லாபம், லாபம் என்று இழுத்துக்கொண்டே இருப்பார்கள். பிறகுதான் ரெண்டு, மூணு.

போனில் அவள் சிரிப்பது கேட்டது. பாருங்கள் மாமா, எண்ணுகிற நடுவில் எங்கேயும் வராத ஒரு சொல்லைத் தொடக்கத்துக்கு வைத்திருக்கிறார்கள், பாதியில் வந்து கேட்கிறவர்கூட லாபம் என்று காதில் விழுந்தால் இங்கேதான் ஆரம்பம் என்று தெரிந்துகொள்ளலாம் என்றாள். அதைத்தான் அன்றைக்குத் தாளில் எழுதிக்கொண்டு வந்தேன் என்று அவள் சொல்லவில்லை. நான்தான் சொல்லிக்கொண்டேன், மனசுக்குள். இன்றுவரை எங்கள் பெட்டிகள் அனுப்பும் ஒவ்வொரு செய்தியும் லா என்பதற்கான ஓர் ஆங்கில எழுத்தோடுதான் தொடங்குகிறது. அதற்குப் பின்னால் வரிசை எண், சூடு, ஈரம், கூட்டுத்தொகை. எல்லாம் அவள் தாளில் இருந்தபடி.

மூன்று மணிக்கு இரண்டாவது லோடு போட்டோம். வேண்டுமென்றே லாரியை மறுபடி குறுக்கே நிறுத்தச் சொன்னேன். வைஃபை அறுந்தது, தொடர்பு மறுபடி கிடைத்தது. அவள் புரோகிராம் பாதியில் அறுந்து வந்த இலக்கங்களைத் தூக்கி எறிந்துவிட்டு, அடுத்த தொடக்க எழுத்து வரும்வரை காத்திருந்து, 41.7 என்று அமைதியாகக் காட்டியது. எத்தனை தடவை அறுத்தாலும் அதே அமைதி. எனக்கு அந்த நேரத்தில் இருந்த மனக்கலக்கத்திலும், எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறாள் என்று தோன்றியது. தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாத ஒரு புரோகிராமை நான் அதுவரை பார்த்ததில்லை. நான் எழுதியதெல்லாம் என்னை மாதிரியே, எது வந்தாலும் அடித்துப் பேசுகிற ரகம்.

முதல் லோடை மூட்டை பிடித்து கிழக்குச் சுவரோரம் அடுக்கியிருந்தார்கள். மறுநாள் காலை எட்டு மணிக்குச் சலிக்கும் எந்திரம் ஓடும். அப்போது எல்லா மூட்டையும் ஒன்றாகக் கொட்டப்படும். கொட்டிவிட்டால் எது எந்த லோடு என்று ஆண்டவனாலும் பிரிக்க முடியாது.

சாயங்காலம் நான் கிளம்பும் நேரத்தில் அவள் கூப்பிட்டாள்.

"மாமா, பதிவுல பதினொண்ணு பத்துலேர்ந்து ரெண்டு மணி நேரம் ஒண்ணுமே இல்ல. பெட்டி ஆஃப்ல இருந்திருக்கு. வராத நம்பர எழுத என் புரோகிராமுக்குத் தெரியாது. அந்த நேரம் தீ எரிஞ்சிதா?"

"இல்லம்மா. எல்லாமே ஆஃப்ல இருந்திச்சு" என்றேன்.

"ரெண்டு மணி நேரம், தீ இல்ல" என்று திருப்பிச் சொன்னாள். ஆமாம் என்று நான் சொல்லும்வரை காத்திருந்தாள்.

என் பொய்யை அவள் குரலில் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் சொன்னபோது அது சின்னதாக இருந்தது. அவள் சொன்னபோது, கள்ளங்கபடமில்லாமல், ஓர் எண்ணை எப்படி வாங்கிக்கொள்வாளோ அப்படியே வாங்கிக்கொண்டாள். ஆமாம் என்றேன். போன் வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் கத்தாமல் இருந்தால் ஏதோ பெரிய விஷயம் என்று அவளுக்குத் தெரியும். கைகழுவப் போனபோது அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் என்னைத் திட்டியிருக்கலாம். எந்திரம் எத்தனை மணிக்கு ஓடும் என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் விடிந்ததும் பைக்கை எடுத்தேன். அக்கா சாவிக்கொத்தோடு ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த பேச்சு ஒன்றும் வாயில் வரவில்லை. கிழக்குச் சுவரோரம் இருக்கிற நெல்லை நான் சுட்டுவிட்டேன் அக்கா என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். வயரைப் பிடுங்கி நேராகக் கொடுத்தது, நாற்பது நிமிஷம், பொய் சொன்னது, அத்தனையும். அக்கா ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்டு நின்றார்.

"அந்த மூட்டை மட்டுந்தானா?"

"அது மட்டுந்தான் அக்கா. மத்ததுக்கு ஒவ்வொரு ரெண்டு நொடிக்கும் கணக்கு இருக்கு" என்றேன்.

அவர் உள்ளே போய் முதல் லோடின் ஒவ்வொரு மூட்டையிலும் சாக்குக்கட்டியால் பெருக்கல் குறி போட்டார். அவரே போட்டார், யாரையும் விடவில்லை. அன்றைக்கு எந்திரத்தில் மற்றவை மட்டும் போயின.

அங்கிருந்தே கடலூருக்குப் போன் செய்தேன். நேற்று நான் சொன்னது பொய், தீ எரிந்தது என்றேன். பதிவைத் திறந்து பாருங்கள் மாமா என்றாள். பார்த்தேன். அந்த இரண்டு மணி நேரத்துக்கு எதிரே இப்படி இருந்தது: "எண் வரவில்லை. தீ இல்லை என்பது வாய்மொழித் தகவல்." மற்ற வரிகளில் எண்கள் இருந்தன, இந்த வரியில் மட்டும் இல்லை. வந்த எண் வேறு, கேள்விப்பட்டது வேறு என்று பிரித்து எழுதியிருந்தாள். என்னைச் சந்தேகப்பட்டாயா என்று கேட்டேன். "அப்டியெல்லாம் இல்ல மாமா. யார் சொன்னாலும் அப்டித்தான் எழுதுவேன்" என்றாள். நான் எத்தனையோ பெரிய கம்பெனி மென்பொருள்களைப் பார்த்திருக்கிறேன், ஒன்றில்கூட இந்த நேர்மை இல்லை. எனக்கே இல்லாமல்தானே போயிற்று.

அந்த வாரமே அவள் ஒரு திரையைச் சேர்த்தாள். பெட்டி அணைந்து மறுபடி தொடர்பு கிடைத்தால் உடனே கேட்கும்: இடைப்பட்ட நேரத்தில் தீ எரிந்ததா? எரிந்தது, எரியவில்லை, தெரியாது. மூன்று பட்டன். மூன்றாவது பட்டன் எதற்கு என்று நான் கேட்கவில்லை. அதைத் தேடும் ஆளின் நிலைமை எனக்கு நன்றாகத் தெரியும்.

முளைப்புப் பார்க்க அக்கா முதல் லோடிலிருந்து நூறு நெல், மற்றதிலிருந்து நூறு நெல் எண்ணி, தனித்தனி ஈரத்துணியில் பரப்பிச் சுருட்டிவைத்தார். ஏழாம் நாள் என்னை வரச்சொன்னார். இரண்டு சுருட்டையும் மேசையில் வைத்து, நீயே பிரி என்றார்.

மற்ற லோடின் துணியை முதலில் பிரித்தேன். வெள்ளை வேரும் பச்சை முளையுமாகத் துணியோடு பின்னிக் கிடந்தன. பிரித்து எண்ணினேன், தொண்ணூற்று நாலு. பிறகு முதல் லோடு. ஒன்பது. மீதி தொண்ணூற்றொன்றும் துணியில் வைத்த இடத்திலேயே, வைத்த மாதிரியே, மஞ்சளாக, பருமனாக, அழகாகக் கிடந்தன. ஒன்றை எடுத்து நகத்தால் பிளந்து பார்த்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவற்றை ஒருவர் தன் வயலில் விதைத்துவிட்டு, தண்ணீர் கட்டிவிட்டு, ஒவ்வொரு நாளும் வரப்பில் வந்து நின்று பார்த்திருப்பார்.

மன்னித்துவிடுங்கள் அக்கா என்றேன். அவர் துணியை உதறி மடித்தார்.

"இது சோத்துக்கு ஆவும். அரிசியாக்கிடறேன்" என்றார். ஜன்னல் பக்கம் போய் வெளியே பார்த்தார். களத்தில் ஒரு லாரி திரும்பிக்கொண்டிருந்தது. "இன்னொரு லோடு வருது பாரு. பெட்டிகிட்ட நீயே நில்லு, வேற யாரையும் உடமாட்டேன். ஆனா வயரத் தொட்டே, கைய ஒடச்சிடுவேன்."